எந்த எஞ்சின் நெடுநாள் உழைக்கும்?

வாளையாற்றுச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தில், அந்த வரிசையில் ஓயாது நடந்த வழக்கு ஒன்று உண்டு. அதற்கு நீதிபதி கிடையாது. தீர்ப்பும் இன்றுவரை வந்தபாடில்லை. வாதாடுவோர் லாரி முதலாளிகளும் ஓட்டுநர்களும். வழக்கு இதுதான்: லேலண்ட் எஞ்சின் நெடுநாள் உழைக்குமா, டாட்டா எஞ்சின் நெடுநாள் உழைக்குமா? 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்து, வணிகவரிச் சாவடிகள் எடுபட்டபின் அந்த நீண்ட வரிசை மறைந்தது. வழக்கு மட்டும் மறையவில்லை. கஞ்சிக்கோட்டில் லோடு ஏற்றக் காத்திருக்கும் இடத்திலும், தெற்கே கம்பத்தை அடுத்த லோயர் கேம்ப்பில் மலை ஏறுமுன் தேநீருக்கு வண்டியை நிறுத்தும் இடத்திலும் அது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

"எட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியாச்சுங்க, இன்னும் எஞ்சின்ல கை வைக்கலைங்க" என்பார் பொள்ளாச்சிக்காரர். "போங்கண்ணே, உங்க வண்டி தரையில ஓடுற வண்டி. போடிமெட்டு ஏத்திட்டு வந்து சொல்லுங்க பார்ப்போம்" என்பார் கம்பத்துக்காரர். பக்கத்தில் நிற்கும் பாலக்காட்டுக்காரர், நல்ல தமிழிலேயே, இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது கட்சி ஒன்றைத் தொடங்கி வைப்பார்.

கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த வாதத்தின் பின்னால் நிற்பது வெறும் வீம்பு அன்று. நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி, ஒன்று இரண்டு வண்டி மட்டுமே வைத்திருக்கும் சிறு முதலாளிகளுடையது. வண்டி கடனில் வாங்கியது. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். எஞ்சின் பட்டறையில் இறங்கிவிட்டால் செலவு ஒரு பக்கம், வண்டி ஓடாத நாட்களின் நட்டம் மறுபக்கம், தவணைக்காரர் மூன்றாம் பக்கம். நம் சங்கத்து மாணவர் சிலருக்குக் கல்லூரிக் கட்டணமே லாரி வாடகையிலிருந்து வருவது நாம் அறிந்ததே. ஆதலின் எந்த எஞ்சினை நம்புவது என்ற கேள்வி, ஒரு குடும்பம் தன் பத்தாண்டு வாழ்வை எதன்மேல் வைப்பது என்ற கேள்வியாகும். அதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த வழக்கில் பாதிச் சாட்சி இடமே. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு வடக்காகச் சுவர்போல் நிற்கிறது. அச்சுவரில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே பெரிய வாயில். 30 கிலோமீட்டரை ஒட்டிய அகலம்; ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றமே கிடையாது. கோவையிலிருந்து வாளையாறு வழியாகக் கொச்சி செல்லும் நெடுஞ்சாலை (முன்னர் 47 என்ற எண், இப்போது 544) இந்த வாயிலில்தான் நுழைகிறது. லாரி மேல் கியரில், ஒரே வேகத்தில், மூச்சு வாங்காமல் போகும்.

தெற்கே இடுக்கிப் பக்கம் கதை வேறு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலே போக மூன்று வழிகள்: லோயர் கேம்ப் வழியாகக் குமுளி, கம்பம்மெட்டு, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு. குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். அங்கே செல்லும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 17. கீழிருந்து அரிசியும் காய்கறியும் ஏறுகின்றன. மேலிருந்து ஏலமும் தேயிலையும் மிளகும் இறங்குகின்றன. வடக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் தெற்கே தேவிகுளம், பீருமேடு பக்கமும் 1956ஆம் ஆண்டு நவம்பரில் மொழிவழி மாநிலப் பிரிவினை நடந்தபோது கேரளத்தோடு நின்றன. அங்கெல்லாம் இன்றும் தமிழ் பேசுவோர் மிகுதி. ஆகவே இந்த எல்லையின் இரு கரையிலும் லாரிப் பேச்சு பெரும்பாலும் தமிழிலேயே நடக்கிறது.

இனி எஞ்சினுக்கு வருவோம். எஞ்சின் தேய்வது என்றால் எது தேய்வது? சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரோடு உராய்கின்றன. இடையில் இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் அது நின்றுவிடுகிறது. நின்றால் எண்ணெய்ப் படலம் மெலியும். அதே இடத்தில்தான் டீசல் பற்றி எரியும் வெப்பமும் அழுத்தமும் மிகுதி. எனவே சிலிண்டர் அடியில் தேய்வதைவிட உச்சியில் மிகுதியாகத் தேயும். பட்டறையில் ஹெட்டைக் கழற்றியதும் மெக்கானிக் சிலிண்டரின் மேல்விளிம்புக்குக் கீழே நகத்தால் தடவிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே நகம் தட்டும்படி ஒரு படி விழுந்திருந்தால், போர் தேய்ந்துவிட்டது என்று பொருள். தேய்ந்த பின் எரிந்த புகை ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். இதைத்தான் பட்டறைத் தமிழில் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். எண்ணெயும் மேலே ஏறி எரியும், வண்டி "ஆயில் குடிக்கிறது."

பிஸ்டன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாட்டாவின் பழைய 697 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் ஒருமுறை ஓடும் நீளம் 128 மில்லிமீட்டர். வண்டி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் 6 லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்றால், எஞ்சின் உழைத்தது 15,000 மணி நேரம். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று வைத்தால், மொத்தம் 135 கோடிச் சுற்று. ஒரு சுற்றுக்கு பிஸ்டன் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழும் போகிறது. பெருக்கினால் ஒரு பிஸ்டன் அந்தச் சிறு குழாய்க்குள்ளேயே ஓடிய தூரம் ஏறத்தாழ 3,45,000 கிலோமீட்டர். பூமியிலிருந்து நிலவுக்குள்ள தொலைவில் பத்தில் ஒன்பது பங்கு! எண்ணெய்ப் படலம் ஒன்றை மட்டும் நம்பி இத்தனை தூரம் ஓடியும் தேய்வது ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான் என்பது வியப்பன்றோ?

இக்கணக்கிலிருந்தே கம்பத்துக்காரர் சொன்னதன் நியாயம் புலப்படும். எஞ்சினுக்குக் கிலோமீட்டர் தெரியாது. அதற்குத் தெரிவது சுற்றும், சுமையும், சூடும். பழைய ஐந்து கியர் வண்டியில் முதல் கியரில் ஒரு கிலோமீட்டர் ஏறும்போது எஞ்சின் சுற்றும் சுற்று, மேல் கியரில் அதே தூரம் போவதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. மலைச்சாலையில் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கொண்டால், மேலே சொன்ன 15,000 மணி நேரத்தில் அந்த வண்டி ஓடியிருப்பது 2,25,000 கிலோமீட்டரே. மீட்டரைப் பார்த்தால் ஒன்று ஆறு லட்சம், மற்றொன்று இரண்டேகால் லட்சம். உழைத்த நேரமோ ஒன்றே! மண்வெட்டும் எந்திரங்களுக்கும் டிராக்டருக்கும் மணிக் கணக்கு வைப்பது இதனால்தான். இன்னும் நேர்மையான கணக்கு, எரித்த டீசலைக் கொண்டு போடுவது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் தரை வண்டி 6 லட்சம் ஓட 1,50,000 லிட்டர் எரித்திருக்கும். லிட்டருக்கு 2 கிலோமீட்டரே கொடுக்கும் மலை வண்டி 3 லட்சத்திலேயே அதை எரித்துவிடும். சிலிண்டர் சுவர் பட்ட வெப்பமும் அழுத்தமும் எரித்த டீசலையே பின்பற்றும்.

தரை வண்டிக்கும் ஒரு வினை உண்டு என்பதை மறத்தலாகாது. வாளையாற்று வரிசையில் வண்டி ஐம்பது அடி நகரும், அணைப்பார்கள். மீண்டும் ஸ்டார்ட் செய்வார்கள், மீண்டும் ஐம்பது அடி. எஞ்சின் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், எண்ணெய் பம்ப் அழுத்தம் கொடுத்துப் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேரச் சில வினாடி ஆகும். அந்த வினாடிகள் தேய்மானத்துக்கு உரியவை. அணைக்காமல் ஐடிலில் விட்டாலும் நல்லதில்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசல் முழுதும் எரியாது, எரியாத டீசல் எண்ணெயோடு கலக்கும். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாமல் எஞ்சின் ஆயுளில் ஒரு பகுதி அந்த வரிசையில் கழிந்தது.

தூசியும் அப்படியே. மேற்சொன்ன 697 எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஏறத்தாழ 4 கன மீட்டர் காற்றை உறிஞ்சுகிறது. மணிக்கு 200 கன மீட்டருக்கும் மேல். சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஏறும் இடங்களில் காற்று எப்படி இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். ஏர் கிளீனர் ரப்பர்க் குழாயில் ஒரு விரிசல் விழுந்தால் போதும்; மணல் துகள் இரும்பைவிடக் கடினமாதலால், எந்தக் கம்பெனியின் ரிங்கும் அதற்குத் தாக்குப்பிடிக்காது. ஒரு நல்ல எஞ்சின் சில மாதத்தில் கெட்டதென்றால், நூறு ரூபாய்க் குழாயை முதலில் பார்ப்பவரே தேர்ந்த மெக்கானிக்.

மலையில் இன்னும் இரண்டு சங்கதி. உயரம் போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். போடிமெட்டு உயரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினில் டீசல் அதே அளவு, காற்று குறைவு. ஆகவே கரும்புகை, இழுப்பும் குறையும். இதை அறியாதவர் "பம்ப்பைக் கூட்டி வை" என்று டீசலை மேலும் கூட்டச் சொல்வார். புகையும் சூடும் கூடுமேயன்றி இழுப்பு பெரிதாகக் கூடாது. டர்போ வந்தபின் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது.

மற்றொன்று இறக்கம். ஏற்றத்தில்தான் எஞ்சின் கெடும் என்று நினைக்கிறோம். இறக்கத்தில் கெடுவதும் உண்டு. பம்ப்பிலுள்ள கவர்னர் டீசலை மட்டும் நிறுத்தும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும்போது அதனால் தடுக்க இயலாது. பாரத்தோடு இறங்கும் வண்டியில் பொருந்தாத கியரைப் போட்டால் சுற்று எல்லை கடந்து, வால்வு பிஸ்டனில் இடிக்கும் அளவுக்குப் போகலாம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதோ அதைவிடக் கேடு. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் எஞ்சினைப் பற்றிப் பேச ஆளே இருக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர் முதல் நாளில் கற்கும் பாடம்.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். வழியோர ஓடையில் குடத்தை முக்கி ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இரு எல்லையிலும் இருந்தது. உப்புத் தண்ணீர் என்றால் படிவு கட்டும். படிவு கட்டினால் சூடு வெளியேறாது. தண்ணீர் நேரே தொடும் லைனர் உள்ள எஞ்சின்களில், லைனர் அதிரும் அதிர்வில் வெளிப்புறத்தில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து, நாளடைவில் ஊசித் துளைபோல் அரித்துவிடும். கம்பெனி சொன்ன கூலன்ட் ஊற்றியவனுக்கும் ஓடைத் தண்ணீர் ஊற்றியவனுக்கும் ஒரே எஞ்சின் இரண்டு ஆயுளைக் காட்டும். பிறகு இருவரும் ஒரே தேநீர்க் கடையில் அமர்ந்து, ஒருவர் கம்பெனியைப் புகழ்வார், மற்றவர் இகழ்வார்!

இனி, கட்சிகள் எவ்வாறு பிறந்தன என்று பார்ப்போம். 1948இல் ரகுநந்தன் சரண் சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். 1950இல் இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு உடன்படிக்கை ஏற்பட்டு, 1955இல் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. காமெட் லாரி அந்தக் காலத்தது. வடக்கே ஜாம்ஷெட்பூரில், 1945இல் ரயில் எஞ்சின் செய்யத் தோன்றிய டெல்கோ, 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. அந்த உடன்படிக்கை 1969இல் முடிந்தது. வண்டியின் முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் டாட்டாவின் எழுத்து வந்தது. உள்ளே எஞ்சின் மட்டும் பென்ஸ் வழிவந்ததாகவே நெடுங்காலம் இருந்தது. (அதே டைம்லர், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2012இல் பாரத்பென்ஸ் என்று தனிக் கடை திறந்தபோது, பழைய டாட்டாக்காரர் சிலர் "இது நம்ம வண்டிதானே" என்று உரிமை கொண்டாடியதில் வியப்பில்லை.)

லேலண்டுக் கட்சிக்குத் தமிழ்நாட்டில் வலு மிகுந்ததற்கு எஞ்சின் மட்டும் காரணம் அன்று. தொழிற்சாலை சென்னையில். 1972 முதல் ஏற்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் லேலண்ட் பேருந்து மிகுதி. அக்கழகங்களின் பணிமனையில் தொழில் கற்றவர்கள் வெளியே வந்து பட்டறை வைத்தபோது, அவர்கள் கைக்குப் பழகியது லேலண்ட். டாட்டாவுக்கோ நாடு முழுதும் மூலைக்கு மூலை உதிரிப் பொருள் கிடைத்தது. நாக்பூர் தாண்டி நின்றுபோனாலும் ஓட்டுநர் கலங்க வேண்டுவதில்லை. தூரம் ஓடுபவர் ஒன்றை நாடினார், ஊரோடு ஓடுபவர் மற்றொன்றை நாடினார். இதைக் கம்பெனிப் பற்று என்று பெயரிட்டு அழைத்தாலும், உண்மையில் அது மெக்கானிக்கின்மேல் வைத்த பற்று, கடைக்காரரின்மேல் வைத்த பற்று என்பதே என் கருத்து.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இரு கட்சி எஞ்சினுக்கும் டீசல் தெளிக்கும் பம்ப்பும் நாசிலும் பெரும்பாலும் பெங்களூரில் 1951இல் தோன்றிய மைக்கோ கம்பெனியுடையவை. சென்னை செம்பியத்தில் 1949இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்றோரின் பிஸ்டனும் ரிங்கும் இரு கட்சிப் பட்டறையிலும் புகுந்தன. வெளியே கொடி வேறு. உள்ளே பல உறுப்பு ஒரே கடைச் சரக்கு.

பற்று வைத்த கம்பெனியே போய்விட்டால் என்ன ஆகும்? அதற்கும் நம் நாட்டில் உதாரணம் உண்டு, இரண்டு முறை. விடுதலைக்கு முன்னும் அதன்பின் சில ஆண்டும் நம் சாலைகளில் ஓடியவை ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ், பெட்ஃபோர்டு முதலிய பெட்ரோல் லாரிகள். உள்நாட்டிலேயே படிப்படியாகச் செய்ய முன்வராதவர்க்கு இடமில்லை என்ற 1953ஆம் ஆண்டு டாரிஃப் கமிஷன் முடிவுக்குப் பின், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே வண்டி பூட்டுவதை நிறுத்திவிட்டன. செவர்லே எஞ்சின் கெட்டதா? இல்லை. உதிரிப் பொருள் அருகியது; பெட்ரோலும் கட்டுப்படியாகவில்லை. அந்நாளில் பல முதலாளிகள், சென்னை சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பழைய வண்டியில் தூக்கி வைத்தார்கள். உடல் ஒரு கம்பெனி, உயிர் மற்றொரு கம்பெனி!

இரண்டாவது முறை 1980களில். ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி, டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான் என்று நான்கு ஜப்பானியக் கூட்டுகள் சிறு லாரியில் இறங்கின. ஓசை குறைவு, இருக்கை நன்று என்று ஓட்டியவர் மகிழ்ந்தனர். டாட்டா 1986இல் தன் 407ஐ இறக்கியது. சொகுசில் அது அவற்றுக்கு இணையன்று. ஆனால் தெருமுனைப் பட்டறையில் பிரித்துப் பூட்டலாம், உதிரிப் பொருள் எங்கும் கிடைக்கும், விற்கும்போது விலை நிற்கும். சந்தை அதன் பக்கம் சாய்ந்தது. ஆல்வின் நிசானும் டி.சி.எம். டொயோட்டாவும் பிறர் கைக்குப் போய்ப் பெயரே மறைந்தன. அவ்வண்டிகளை வாங்கியவர் கையில் நல்ல எஞ்சின் இருந்தது. கேட்ட உதிரிப் பொருளோ கடையில் இல்லை. பத்தாண்டு உழைக்கும் எஞ்சினுக்குப் பத்தாண்டும் உதிரிப் பொருள் கொடுக்க ஆள் வேண்டும். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் மஹிந்திரா ஜீப் இத்தனை காலம் நிலைத்ததற்கும் இதுவே காரணம். அதில் இருந்த டீசல் எஞ்சின்களில் ஒன்று பிரான்சின் பெஜோ கம்பெனியின் உரிமம் பெற்றுச் செய்தது. அதன் பிறப்பு எங்கே என்று கேட்பார் இல்லை; போல்ட்டும் கேஸ்கட்டும் போடியில் கிடைக்கின்றன, அவ்வளவே.

சாட்சிகளையும் சற்றுக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். "முப்பது வருஷமா ஓடுது, அந்தக் காலத்து இரும்பே வேற" என்று ஒருவர் சொல்லும்போது நாம் காண்பது பிழைத்த எஞ்சினை. அதனுடன் பிறந்து பத்தாண்டில் பழைய இரும்புக் கடைக்குப் போனவை சாட்சி சொல்ல வருவதில்லை. இரண்டாவது, "அதே எஞ்சின்" என்பதன் பொருள். இரண்டு முறை போர் வேலை, மூன்று முறை செட்டு மாற்றம், ஒரு முறை கிராங்க் அரைப்பு, பம்ப்பு புதிது, ஹெட்டு வேறு வண்டியுடையது. எண் பதித்த பிளாக் ஒன்றுதான் பழையது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவ்வாறு மாற்றிப் பூட்ட இடம் கொடுத்ததே பழைய எஞ்சினின் பெருமை. லைனர் தேய்ந்தால் லைனரை மட்டும் உருவி எறிந்து புதிது செருகலாம். 1993இல் டாட்டாவும் கம்மின்ஸும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் 5.9 லிட்டர் எஞ்சின் வந்தபோது பழைய மெக்கானிக்குகள் முகம் சுளித்ததற்கு இது ஒரு காரணம். அதில் லைனர் கிடையாது. சிலிண்டர் பிளாக்கிலேயே கடையப்பட்டது. தேய்ந்தால் லேத்துப் பட்டறையில் போரைப் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். தேயும் வரை நன்றாக உழைக்கும் எஞ்சினா, தேய்ந்தபின் எளிதில் உயிர்பெறும் எஞ்சினா? ஆயுள் என்ற ஒரே சொல்லை இரு பொருளில் வைத்துக்கொண்டு இரு கட்சியாரும் வாதிடுகின்றனர். முதல் பட்டறை வரை எத்தனை நாள் என்பது ஓர் ஆயுள். கடைசிப் பட்டறை வரை எத்தனை நாள் என்பது மற்றோர் ஆயுள். ஐந்து ஆண்டில் வண்டியை விற்றுவிடும் பெரிய முதலாளிக்கு முதலாவது போதும். அவரிடமிருந்து வாங்கும் இரண்டாவது, மூன்றாவது கைக்காரருக்கு மற்றதே உயிர். நிதி கொடுப்போரும் இதை அறிவர். சென்னையில் 1979இல் தோன்றிய ஸ்ரீராம் நிறுவனம் பழைய லாரிக்குக் கடன் கொடுத்தே பெரிதாக வளர்ந்தது.

இரும்பு அந்தக் காலத்தில் நன்றாக இருந்தது என்பதும் முழு உண்மையன்று. இன்றைய எஞ்சின் நெடுநாள் உழைக்க வேறொரு காரணம் டீசலில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நம் டீசலில் கந்தகம் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம். அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் அது பத்து லட்சத்தில் 10 பங்கே. கந்தகம் எரிந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீரோடு கூடி அமிலமாகிச் சிலிண்டர்ச் சுவரை அரிக்கும். அந்த அரிப்பு இப்போது ஏறத்தாழ இல்லை. எண்ணெயும் தேறியது, முன்பு சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய இடத்தில், இன்றைய பெரிய வண்டிகளுக்குப் பல பத்தாயிரம் கிலோமீட்டர் இடைவெளி சொல்கிறார்கள்.

அப்படியானால் வழக்கு முடிந்ததா? இல்லை, இடம் மாறியது. இன்றைய லாரியில் சிலிண்டர் தேயுமுன் சென்சார் போகிறது. பி.எஸ். 4 காலத்தில், 2017ஐ ஒட்டி, புதிய கட்சிப் பிரிவு ஒன்று கண்டோம். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் எஞ்சினுக்குள் விட்டு நச்சுப்புகையைக் குறைப்பது ஒரு முறை. லேலண்ட் அதை முன்வைத்தது. புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்துக் குறைப்பது மற்றொரு முறை. அக்கரைசலில் யூரியா 32.5 விழுக்காடு. "எஞ்சினுக்குள் புகையை விட்டால் ஆயில் சீக்கிரம் கறுக்கும்" என்றது ஒரு பக்கம். "யூரியா தீர்ந்தால் வண்டி இழுக்காது, அதற்கு வேறு தனிச் செலவா?" என்றது மறுபக்கம். பி.எஸ். 6 வந்தபின் பெரிய வண்டி எதுவானாலும் யூரியாவுக்குத் தப்பவில்லை. கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டியும் கூடவே வந்துவிட்டது. அவ்வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளப் புகை நன்றாகச் சூடாக வேண்டும். பாரத்தோடு போடிமெட்டு ஏறும் வண்டிக்கு அது தானே நடக்கும். ஏலத்தோட்டச் சாலைகளில் வெறும் வண்டியாக ஊர்ந்து, நின்று நின்று போகும் வண்டிக்கு நடப்பதில்லை. முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும், சிறிது நாளில் வேகம் தானே குறையும். ஆக, எஞ்சினைத் தேய்க்கும் மலை ஏற்றம் வடிகட்டிக்கு நன்மை செய்கிறது!

பழைய லாரி வாங்க வருபவர் இன்றும் கம்பத்தில் முதலில் செய்வது ஒன்றுண்டு. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின்மேல் உள்ளங்கையை வைப்பார். புகை மூச்சு கையில் முட்டினால் பேக் கம்ப்ரஷன். விலை அங்கேயே இறங்கும். கம்பெனிப் பெயரை அவர் அதற்குப் பிறகுதான் பார்ப்பார். இப்போது அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. லேப்டாப்பைச் செருகிப் பிழை எண்களைப் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட அழைத்து வருகிறார். அந்த ஆளுக்குத் தனிக் கூலி. அவர் தேனியிலிருந்து வரும்வரை, பேரம் பேசும் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டு, லேலண்டா டாட்டாவா என்று மறுபடியும் தொடங்கிவிடுகிறார்கள்.